அன்னத்துக்குப் பூ வைக்காதவ

ஆடி 3, ஞாயிறு

அப்ப நான் சொல்லுதது பொய்யா, ஏல சங்கரலிங்கம்? வெறும் படம்னு சொல்லுத. வெறும் படம்னா அத எதுக்குல செவுத்துல இருந்து இறக்கணும்? கெடந்துட்டுப் போட்டுமே. சாரல்ல பூஞ்சை பிடிச்சிருக்காம். எனக்குந்தான் எழுவத்திநாலு வயசுல முதுகெல்லாம் பூஞ்சை. என்னையும் மெட்ராசுக்கு அனுப்பித் தொடச்சு வாங்குவியா? எனக்கு மட்டும் ஏன் வேப்பெண்ணெய்?

இதுக்குப் பதில் சொல்லாம செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான் எம் மவன். நான் பேசினா பாதியில எந்திச்சுப் போறது இந்த வீட்டுல எல்லாத்துக்கும் பழக்கம். அவன் அம்மைகிட்ட இருந்து வந்தது. அவ கடைசியா என்னைய விட்டுப் போனதும் அப்பிடித்தான், நான் ஒரு கதை சொல்லிக்கிட்டு இருக்கையில.

அதான் எழுதுதேன். உரக்கடைக்காரன் குடுத்த டைரி சும்மா கெடந்துச்சு. ஆறாங்கிளாஸ் படிச்ச கை, எழுத்து கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கும். ஆனா தாளு எந்திச்சுப் போகாதுல்லா.

எவனாவது படிச்சா வெளங்கணுமேன்னு விவரம் எழுதி வைக்கேன். எங்க ஊர்க் கல்யாண மண்டபம் முன்ன ஜமீன் பங்களா. அதுக்கு இப்ப எம் மவன்தான் செயலாளர். பெரிய கூடத்துல ஆளு உசரத்துக்கு ஒரு எண்ணெய்ச் சாயப் படம் தொங்குது. அரக்குச் சேலை கட்டுன ஒரு பொம்பள, தலையக் கொஞ்சம் சாச்சு, கண்ணத் தாழ்த்தி நிக்கா. பக்கத்துல ஒரு வெள்ளை அன்னம், அவ இடுப்பு உசரம், கழுத்த நீட்டி அவ மொகத்துகிட்ட என்னமோ சொல்லுது. தமயந்தி. நளனுக்காகத் தூது வந்த அன்னம். சீமைக்குப் போன ஜமீன் ராசா அங்கன ஒரு வெள்ளைக்காரன்கிட்ட கதையச் சொல்லி வரைய வச்சுக் கப்பல்ல கொண்டாந்தாராம். அதான் மூக்கு மட்டும் நமக்கு இல்லாத நீளம்னு எங்க அம்மை சொல்லுவா.

அந்த ராசாவோட மவளுக்குப் பெரிய எடத்துல மாப்ள பாத்தாவ. அவ இந்தப் படத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு, "தேவனுங்களே வரிசையில வந்து நின்னாலும் தமயந்தி தனக்குப் பிடிச்சவனுக்குத்தான் மாலை போட்டா. எனக்கு மட்டும் என்ன?"ன்னு கேட்டாளாம். ராசாவும் சரின்னு மாப்ள வீட்டத் திருப்பி அனுப்பிட்டாரு. அதுல இருந்து ஊர் வழக்கம் இதுதான். பொண்ணு பாக்குதது அந்தக் கூடத்துல. பொண்ணு தன் தலையில இருக்க பிச்சிப்பூவுல ஒரு துண்டு எடுத்து அன்னத்துக்குக் கீழ இருக்க பலகையில வச்சா சம்மதம். வைக்காம திரும்பி நடந்தா இல்ல. ஏன், எதுக்குன்னு ஒரு பய கேக்கக் கூடாது. மாப்ள வீட்டுக்காரன் காப்பியக் குடிச்சுட்டு எந்திச்சுப் போகணும். கலெக்டரா இருந்தாலும் அம்புட்டுதான்.

எம் மவ உலகேஸ்வரி மூணு தடவ பூ வைக்கல.

இப்பத் தெரியுதா, சங்கரலிங்கத்துக்கு எதனால திடீர்னு பூஞ்சை மேல அக்கறைன்னு?

ஆடி 5, செவ்வாய்

சாரல் நிக்கல. கொடியில கெடக்க வேட்டி காயமாட்டேங்கு. உலகு வச்ச சொதிக் கொழம்பு நல்லாருந்துச்சு. சொல்லல. சொன்னா தலைக்கனம் வந்துரும்.

ஆடி 9, சனி

படத்தத் தொடைக்க மெட்ராசுல இருந்து ஆளு வந்தாச்சு. நான் ஏதோ கோட்டு போட்ட ஆம்பளைன்னு நெனச்சேன். வந்தது ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். பேரு ஹெப்சிபா. ஒரு பெட்டி நெறைய பஞ்சும் பாட்டிலும்.

"நீங்கதான் வாச்மேனா, அண்ணாச்சி?"

அண்ணாச்சிங்கவும் திரும்பிப் பாத்தேன். மெட்ராசுக்காரிக்கு அந்தச் சொல்லு எப்பிடி வரும்?

"செயலாளரோட அப்பன்மா. சம்பளம் இல்லாத வாச்மேன்னும் சொல்லலாம். உங்களுக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அதான பாத்தேன். வாயப் பாத்தா வெளியூரு மாதிரி தெரியலியே."

"உங்க வாயப் பத்தி செயலாளர் போன்லயே சொல்லிட்டாரு" அப்பிடின்னா. பய முன்கூட்டியே கோள் மூட்டி வச்சிருக்கான்.

ஆறு பேரு சேந்து படத்த இறக்கி, பக்கத்துல பாத்திர அறையில பெரிய மேசை மேல கெடத்துனோம். எழவு வீடு மாதிரி இருந்துச்சு. அந்தம்மா கதவச் சாத்தி, ஊதாக் கலர்ல எரியுத ஒரு லைட்டப் பிடிச்சுக்கிட்டு படம் முழுக்க மேஞ்சா. நான் ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன். எந்திக்கச் சொன்னா, "காலு வராதும்மா" ன்னேன். காலு நல்லாத்தான் இருக்கு.

ரொம்ப நேரம் கழிச்சு, "அண்ணாச்சி, இந்தச் சேலை பெறவு தீட்டுனது" ன்னா.

"பெறவுன்னா?"

"படம் வரைஞ்சு எத்தனையோ வருசம் கழிச்சு வேற கை தீட்டியிருக்கு. சாயமே வேற. பெரும்பாலும் இங்க வந்தப்பறம்தான் இருக்கும்."

"அப்ப சேலைக்குள்ள?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும்னா, பாவாடையாவது..."

"ஒண்ணுமே இல்ல, அண்ணாச்சி."

ராணியம்மா வேலைதான். ராசா கப்பல்ல இருந்து இறக்குனதும் பாத்திருப்பா. "இவ வீட்டுக்குள்ள வரணும்னா சேலை கட்டிக்கிட்டு வரட்டும்"னு சொல்லியிருப்பா. உள்ளூர்ல ஒருத்தனக் கூப்ட்டு, ஒரே மூச்சுல சேலையும் கட்டி ரவிக்கையும் போட்டு விட்டாச்சு.

"அப்ப நீங்க அத உருவ வந்திருக்கியளா?" ன்னு கேட்டேன். "சபையில வச்சு உருவுனவன் கதி என்னாச்சுன்னு பாளையங்கோட்டையில சொல்லித் தரலியா?"

அந்தம்மா கோவப்படல. பஞ்ச நனைச்சுக்கிட்டே, "நான் உருவ வரல. பூஞ்சை எடுக்க வந்திருக்கேன். உருவணுமா வேண்டாமான்னு உங்க மவன்கிட்ட கேளுங்க. மேல இருந்து கண்ணன் சேலை விட்டாருன்னா நான் என்ன, வேண்டாம்னா சொல்லப் போறேன்?" ன்னா.

இவகிட்ட கொஞ்சம் பாத்துத்தான் வாயக் குடுக்கணும்.

ஆடி 10, ஞாயிறு

சேலை விசயத்த உலகுகிட்ட சொன்னேன். எம் மவளுக்கு முப்பத்தாறு வயசு. பால் சொசைட்டியில வாரவன் போறவன் பாலையெல்லாம் டெஸ்ட் பண்ணுதவ. தண்ணி கலந்த பாலு மட்டுமில்ல, தண்ணி கலந்த ஆளையும் பாத்த ஒடனே கண்டுபிடிச்சுருவா.

"ஜாக்கெட்டும் இல்லியா?" ன்னா.

"இல்லியாம்."

"ஆடிக் காத்துக்குக் குளிருமே."

கொஞ்ச நேரம் உளுந்து பொடைச்சா. பெறவு, "அன்னம் இருக்குல்லா?" ன்னு கேட்டா.

"அன்னம் அசல்தானாம்."

"அப்ப சரி."

வேற ஒண்ணும் பேசல. இவ அம்மையும் இப்பிடித்தான். இவ அம்மைய நான் பாத்ததும் அதே கூடத்துலதான். நான் ஒத்து ஊதுதவன்னு அவளுக்கு முன்னமே தெரியும். நாயனக்காரரு பாட்டா வாசிப்பாரு, மேளக்காரன் வெளுத்து வாங்குவான், ஒத்துக்காரன் ஓரமா உக்காந்து ஒரே சுரத்த விடாம ஊதிக்கிட்டே இருக்கணும். அந்தச் சுரம் நின்னா கச்சேரி நின்னுரும். ஆனா மாலை மரியாதை நாயனத்துக்குத்தான். அப்பிடிப்பட்டவனுக்கு அவ பூ வச்சா! வச்சான்னா, பூ அவ கையில இருந்து பலகையில விழுந்துச்சு. கை கொஞ்சம் நடுங்குச்சு. விழுந்தாலும் வச்ச கணக்குதான். பெரியவங்க எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாவ.

ஆடி 14, வியாழன்

இன்னைக்குப் பெரிய வேடிக்கை. படத்துல அவ காலுகிட்ட ஒரு பித்தளைக் குடம் உண்டு. சின்னதுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தக் குடத்துலதான் பூஞ்சை சாஸ்தியா இருந்துச்சு. ஹெப்சிபாம்மா பஞ்ச வச்சுப் பைய உருட்ட உருட்ட, குடம் கரையுது. உள்ள இருந்து ஒரு காலு வருது. பிஞ்சுப் புள்ளைக் காலு. அஞ்சு வெரலும் கொழுகொழுன்னு.

"ஏம்மா, நிறுத்துங்க. நிறுத்துங்க" ன்னு கத்திட்டேன். பயந்து போனேன், பொய் சொல்லுவானேன்.

சாயங்காலத்துக்குள்ள ரெண்டு புள்ளை வந்துட்டு. பக்கத்துல ஒடஞ்ச முட்டைத் தோடு. இன்னும் ரெண்டு புள்ளை அந்தப் பக்கத்துச் செடிக்குள்ள இருக்கும்ங்கா.

"தமயந்திக்கு ரெண்டு புள்ளைதானம்மா. இவ என்ன, கோழி மாதிரி ஒரு ஈட்டுக்கு நாலா?"

அந்தம்மா சிரிச்சா. என்னமோ தெரிஞ்சு வச்சிருக்கா, சொல்ல மாட்டேங்கா.

அப்பதான் சங்கரலிங்கம் வந்தான். இது யாரு வரைஞ்சதுன்னு கேட்டான். அந்தம்மா வெவரமாச் சொன்னா: இத்தாலி தேசத்துல நானூறு ஐநூறு வருசத்துக்கு முன்ன பெரிய பெரிய ஆளுங்க வரைஞ்ச முறை. ஆனா இது அந்தப் பெரியவர் கையி இல்ல. அவருகிட்ட படிச்ச சீடன், இல்லன்னா அந்தச் சீடனுக்குச் சீடன். பெரியவர் வரைஞ்சதப் பாத்து இவன் வரைஞ்சிருக்கான். அப்ப ராசா கதை சொல்லி வரைய வச்சாருங்கது கப்சா, வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்காரு.

சங்கரலிங்கத்துக்கு மொகம் தொங்கிப் போச்சு. "அப்ப அசல் இல்லியா?"

"ஏல, ஒங்கப்பன் நாப்பது வருசம் ஒத்து ஊதுனானே, அதுவும் அசல் இல்லியா?" ன்னேன்.

"ஒங்கள யாரு கேட்டா?"

என்னைய எப்பவும் யாரும் கேக்கதில்ல, நானாத்தான் சொல்லுவேன். அவன் போன பெறவு ஹெப்சிபாம்மா சொன்னா: "மொகம் பெரியவர் முறைதான் அண்ணாச்சி. ஆனா புள்ளைங்க காலு மட்டும் இந்தச் சீடன் பாத்து வரைஞ்சது. அவன் வீட்டுல புள்ளைங்க இருந்திருக்கணும்."

அந்தச் சீடப்பயல எனக்குப் பிடிச்சுப் போச்சு.

ஆடி 18, திங்கள்

பதினெட்டாம் பெருக்கு. உலகு புளியோதரை, தேங்காச்சோறு, எலுமிச்சைச்சோறு மூணும் கிண்டியிருந்தா. வயிறு முட்டத் தின்னுட்டு உக்காந்த நேரமாப் பாத்து வந்தான் சங்கரலிங்கம்.

மாப்ள ரெடியாம். ராஜபாளையத்துல மில்லு சூப்பர்வைசர், பேரு வெள்ளத்துரை. சம்சாரம் செத்து மூணு வருசமாம். ஆவணி ஏழாந்தேதி பொண்ணு பாக்க வாராவளாம். மிச்ச வேலைய அங்க வச்சுப் பாக்கணும்னு படம் ஆவணி அஞ்சாந்தேதி மெட்ராசுக்கு லாரி ஏறுதாம்.

"பலகை?" ன்னேன்.

"படமே இல்லாம பலகைய வச்சு என்ன செய்ய?"

"ஏல, வெள்ளத்துரை கொள்ளத்துரை எவனும் வரட்டும். ஒன் தங்கச்சி பூ வைக்க எடம் இருக்கணும்."

"வைக்க இல்லப்பா. வைக்காம இருக்க. அதுக்குத்தான ஒங்களுக்கு அந்தப் படம் வேணும்? அவ போயிட்டா ஒங்களுக்குச் சோறு பொங்க ஆளில்ல. அதான் மூணு தடவையும் அவ பூ வைக்காம திரும்பி வந்தப்ப ஒங்க மொகத்துல அந்தச் சிரிப்பு. நான் பாக்கலன்னு நெனச்சியளா?"

என்ன பேச்சு இது. எனக்குச் சோறு ஒரு விசயமா? ஒத்து ஊதுன காலத்துல ஒரு டீயும் வடையும் தின்னு ராத்திரி முழுக்க ஊதுனவன் நான். பொண்ணு நல்லா இருந்தா எந்த அப்பனுக்குத்தான் சிரிப்பு வராது?

ராத்திரி சாப்புடல. மத்தியானம் சாஸ்தியாத் தின்னதுதான் காரணம்.

ஆடி 22, வெள்ளி

உலகு சொசைட்டிக்குப் போன பெறவு சும்மா ரசம் வச்சுப் பாத்தேன். புளி எம்புட்டுன்னு தெரியல. கொதிச்சுப் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். வாசல் வாழைக்கு ஊத்திட்டேன். வாழை ஒண்ணும் சொல்லல.

ஆடி 26, செவ்வாய்

மணி ராத்திரி பன்னெண்டு தாண்டிட்டு. ஆனாலும் எழுதுதேன்.

இன்னைக்கு அந்தம்மாவ நான் விடல. "நாலு புள்ளைக் கதைய சொல்லாம உங்கள ஒரு பஞ்சும் எடுக்க விட மாட்டேன்"னு பாட்டிலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். ஹெப்சிபாம்மா கையுறையக் கழட்டிட்டு உக்காந்தா.

"அண்ணாச்சி, இது தமயந்தி இல்ல."

"பின்ன?"

"லீடான்னு ஒரு ராணி. கிரேக்க தேசத்துப் பழங்கதை."

"அங்கயும் அன்னம் தூது போகுமா?"

"தூது இல்ல. அது அன்னமே இல்ல. அவங்க சாமிக்கெல்லாம் பெரிய சாமி. அன்னம் மாதிரி வேசம் போட்டு வந்திருக்கு."

"யாருக்காவ?"

"தனக்காவ."

எனக்கு வெளங்குன மாதிரியும் இருந்துச்சு, வெளங்காத மாதிரியும் இருந்துச்சு. "அவளுக்கு அது சாமின்னு தெரியுமா?"

"தெரியாது."

"அவகிட்ட கேட்டுச்சா?"

அந்தம்மா ஒடஞ்ச முட்டைத் தோட்டுப் பக்கம் கையக் காட்டுனா. "இல்ல அண்ணாச்சி. கேக்கல. அதான் முட்டை. அதுல இருந்து வந்ததுதான் இந்தப் புள்ளைங்க."

நான் பாட்டில மேசை மேல வச்சுட்டேன். கழுத்த நீட்டி அது என்னமோ சொல்லுதுன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். எத்தன பொம்பளப்புள்ளைங்க அந்தக் கழுத்துக்குக் கீழ வந்து நின்னுச்சு. வேணும்னு சொல்லவும் வேண்டாம்னு சொல்லவும் ஊரே அதுங்களுக்கு எடங்குடுத்த அந்தப் படத்துல இருக்கவகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

"இத வெளிய சொல்லாதீங்கம்மா" ன்னேன். முத முறையா அவகிட்ட கெஞ்சிக் கேட்டேன்.

"நான் சொல்லல. ஆனா இந்தக் காலத்துல யாரு எத மறைக்க முடியும்?"

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். உலகோட அம்மை கையில இருந்து அன்னைக்குப் பூ விழுந்துச்சுல்லா. காத்து அடிச்சா விழத்தான செய்யும். அது ஆனி மாசம். ஆனியில காத்து உண்டு. கூடத்துக்குள்ள அடிக்குமான்னா, சன்னல் தொறந்திருந்தா அடிக்கும்.

தொறந்துதான் இருந்திருக்கும்.

ஆடி 30, சனி

இன்னைக்கு நான் செஞ்ச காரியத்த ஊரே பேசுது. நானே எழுதி வைக்கேன், மத்தவன் எழுதுனா கொறச்சு எழுதுவான்.

படத்த லாரி ஏத்துததப் பத்தி மண்டபத்துக் கமிட்டி கூடுச்சு. தலைவரு, எம் மவன், இன்னும் ஏழெட்டு வேட்டி. சேலைய முழுசா எடுத்துட்டா கண்காட்சியில வைப்பாங்கன்னு ஒருத்தன். அய்யோ மானம் போயிரும், அப்பிடியே மூட்டை கட்டி அனுப்புங்கன்னு ஒருத்தன். அனுப்பக் கூடாதுன்னு சொல்ல ஒருத்தனும் இல்ல. நான் எந்திச்சேன். "பெரியவரு உக்காருங்க. கமிட்டியில இல்லாதவங்க பேசக் கூடாது" ன்னாரு தலைவரு.

பேசத்தான கூடாது.

வீட்டுக்குப் போனேன். பரணுல இருந்த ஒத்துக் கொழல எடுத்துத் தொடச்சேன். ஊதுத மொனையில சொருகப் புதுச் சீவாளி ஒண்ணு கெடந்துச்சு, எச்சில்ல ஊற வச்சேன். திரும்பப் போயி பாத்திர அறை வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்து ஊத ஆரம்பிச்சேன். ஒரே சுரம். மூக்குல காத்த வாங்கிக்கிட்டே வாயில விடணும், நடுவுல நிக்கவே கூடாது. அந்தக் கூடத்துல அது இடிச்சு இடிச்சுத் திரும்பி வரும். "தீர்மானம் என்னன்னா"ன்னு தலைவரு ஆரம்பிப்பாரு. ங்ங்ங்ங்ங். "உறுப்பினர்களே"ம்பாரு. ங்ங்ங்ங்ங். சங்கரலிங்கம் வந்து காதுல, "எப்பா, மானத்த வாங்காதீங்க" ன்னான். காது கேக்கலன்னு சைகை காட்டுனேன். நெசமாவே கேக்கல.

நாப்பது வருசம் ஊதியிருக்கேன், ஒரு பயலும் என்னையத் திரும்பிப் பாத்ததில்ல. இன்னைக்கு எல்லாவனும் பாத்தான்.

நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, கண்ணு இருண்டுச்சு. நிறுத்தல. கடைசியில தலைவரே கையெடுத்துக் கும்பிட்டு, "சரி, படம் ஆவணி எட்டு வரைக்கும் ஊர விட்டுப் போகாது. ஆனா கூடத்துல மாட்டவும் கூடாது. நிறுத்தும் வே" ன்னாரு.

நிறுத்துனேன். அப்பதான் பாத்தேன், கூடத்து வாசல்ல உலகு பால் கேனோட நின்னுக்கிட்டு இருந்தா. "பெறவு நெஞ்சு வலிக்கின்னு சொன்னா நான் சுக்கு வச்சுத் தர மாட்டேன்" ன்னா. வச்சுத் தந்தா.

ஆவணி 4, வியாழன்

ரசம் சரியா வந்துட்டு. உலகு ஒரு வாய் குடிச்சுட்டு, "யாரு வச்சது?" ன்னா. "வாழை" ன்னேன். அவளுக்கு வெளங்கல. "உப்பு சரியா இருக்கு" ன்னா.

ராத்திரி சங்கரலிங்கம் போனத் தூக்கிக்கிட்டு வந்தான். முட்டையையும் அன்னத்தையும் போட்டுத் தேடியிருக்கான். கதை பூராவும் வந்துட்டு. "பாத்தியளா? அவ தமயந்தியே இல்ல. எவளோ ஒரு வெள்ளைக்காரி. அப்ப பூ வைக்கிற வழக்கமே பொய்தான? ஏழாந்தேதி படமும் கெடையாது, பூவும் கெடையாது. நாலு பெரியவங்க பேசி முடிப்போம்" ன்னான். நான் வாயத் தொறக்கதுக்குள்ள போயிட்டான்.

இப்ப சொல்லுதேன், கேளுல. பொய்தான். இருந்துட்டுப் போட்டும். அந்தப் பொய்ய நம்பித்தான் மேலத்தெரு பிரமாச்சி குடிகாரனுக்குப் பூ வைக்காம நடந்தா. இன்னைக்கு அவ தென்காசியில டீச்சர். ஒன் பொண்டாட்டி ஒனக்குப் பூ வச்சாளே, அவளா எடுத்து, அவளா நடந்து வந்து, ரெண்டு துண்டா வச்சா. நீ அன்னைக்குக் குதிச்ச குதி எனக்குத் தெரியும். அந்தப் பூ பொய்யால?

நெசமெல்லாம் பாத்து நடக்கணும்னா நம்ம ஊர்ல எந்த நெசம்ல ஒரு பொண்ணுகிட்ட போயி, "ஒனக்குச் சம்மதமா"ன்னு கேட்டுச்சு?

ஆவணி 7, ஞாயிறு

இத பாத்திர அறையில உக்காந்தே எழுதுதேன். டைரி மடியில. பக்கத்து மேசையில அவ படுத்திருக்கா. முழங்காலுக்குக் கீழ பூஞ்சையோட சேர்ந்து சேலையும் கரைஞ்சு, நாலு புள்ளையும் வெளிய வந்தாச்சு. அதுக்கு மேல ராணியம்மா கட்டி விட்ட அரக்கு அப்பிடியே இருக்கு.

மத்தியானமே மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டாவ. ரெண்டு கார். கூடத்துல படம் இருந்த எடத்துல செவுரு மட்டும் வெள்ளையாக் கட்டம் கட்டி நிக்கு. பலகையக் கூட கழட்டிட்டான் எம் மவன். மாப்ளைய எட்டிப் பாத்தேன். ஒல்லி, கண்ணாடி, கைக்குட்டையால கழுத்தத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. கெட்ட ஆளு மாதிரி தெரியல. அதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா ரெண்டு வார்த்தை ஏசிட்டுப் போயிரலாம்.

உலகு காப்பித் தட்டு எடுக்க உள்ள வந்தா. தலை நெறையப் பிச்சிப்பூ. ஹெப்சிபாம்மா ஓரமா பாட்டிலு மூடிக்கிட்டு இருந்தா.

"ஏட்டி உலகு, நில்லு. ஒண்ணு சொல்லணும்."

"காப்பி ஆறிரும்பா."

"இவ தமயந்தி இல்லட்டி."

"தெரியும். அண்ணன் சொல்லிட்டான்."

"அன்னம் என்ன செஞ்சுதுன்னு சொன்னானா?"

நின்னா. சொல்லல போலிருக்கு.

சொன்னேன். எப்பவும் போல நீட்டி மொழக்கிச் சொல்ல வரல, சுருக்காத்தான் சொன்னேன். சாமி வேசம் போட்டு வந்தது, அவளுக்குத் தெரியாதது. "அவகிட்ட ஒருத்தரும் கேக்கலட்டி. அவ அப்பன் கேக்கல. புருசன் கேக்கல. அந்தச் சாமியும் கேக்கல. பூ வேணுமா வேண்டாமான்னு ஒரு பலகை கூட அவளுக்கு இல்ல. கேக்காம வந்து, கழுத்தப் பிடிச்சு..."

உலகு தட்டக் கீழ வச்சா. மேசைகிட்ட வந்து அந்த மொகத்த ரொம்ப நேரம் பாத்தா. சின்னப் புள்ளையில இருந்து அண்ணாந்து பாத்த மொகம். இன்னைக்குத்தான் குனிஞ்சு பாக்கா.

தலையில இருந்து ஒரு துண்டு பிச்சிப்பூ எடுத்தா. அன்னத்துப் பக்கம் கை போகல. அந்த ராணியோட காலுகிட்ட வச்சா, புள்ளை காலுக்கும் அவ காலுக்கும் நடுவுல. ஹெப்சிபாம்மா, படத்து மேல எதுவும் வைக்கக் கூடாதுன்னு என்னைய எத்தன தடவ ஏசியிருப்பா. இன்னைக்கு அவ பாட்டுக்குப் பாட்டில மூடிக்கிட்டு இருந்தா.

"உலகு, நான் இன்னும் முடிக்கல. முக்கியமானது ஒண்ணு..."

"தெரியும்பா" ன்னா. என்ன தெரியும் இவளுக்கு? தட்டத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. கதவு தானா ஆடிச் சாத்துச்சு.

அந்தப் பக்கம் டம்ளர் சத்தம். சங்கரலிங்கம், "எந்தங்கச்சி"ன்னு என்னமோ ஆரம்பிச்சான். அதுக்குள்ள அவ கொரலு. சொசைட்டியில நின்னு பேசுத அதே கொரலு.

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"என்னதம்மா?" அது மாப்ள.

"இந்தக் கல்யாணம் உங்களுக்கு வேணுமான்னு. உங்கள யாராவது கேட்டாங்களா? என்னையக் கேக்கல. அதான் கேக்கேன். உக்காந்து சொல்லுங்க. நானும் சொல்லுதேன். மத்தவங்க காப்பியக் குடிங்க."

சாரல் ஓட்டுல விழுதது மட்டும் கேக்கு. பெறவு நாக்காலி ஒண்ணு இழுபடுத சத்தம். இப்ப ரெண்டு கொரலும் தாழ்ந்து போச்சு, ஒண்ணும் வெளங்கல. மிச்சத்த ஹெப்சிபாம்மாகிட்டயாவது சொல்லி முடிப்போம்னு திரும்புனா, அந்தம்மா கதவுல காத வச்சு நிக்கா.

நான் உலகுகிட்ட கடைசியாச் சொல்ல வந்தது இந்த ராணி கதை இல்ல. எனக்கு இப்ப ரசம் வைக்க வருதுன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள எந்திச்சுப் போயிட்டா.